இடக்கை முதலையும் பதினான்காம் அத்தியாயமும்

உலகத்தில் எந்த ஊரிலும் நடக்காதது காயல்கரைச் சிற்றூரான புவெர்த்தோ இக்காகோவில் நடந்தது. ஓர் இடக்கை முதலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது. அதுவும் தொண்டை கிழியக் கத்திக் கத்தி. அந்தக் கத்தலில் காயலுக்கு அக்கரை மாடுகள் பாலைத் தயிராகவே கறந்தன. கோயில் மணி இழுக்க ஆளில்லாமலே ஆடியது. மீனவன் நிக்காசியோவின் வலைக்குள் மீன்கள் கதை கேட்கத் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. அவன் வலையை இழுத்தபோது, இந்த அத்தியாயம் முடியட்டுமே என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தன. ஊரே இதற்குச் சாட்சி. நம்பாத ஆள் ஒரே ஒருவர்தான்: பள்ளிக்கூடத்து மேற்பார்வை வாத்தியார் எவாரிஸ்தோ. மழை கொட்டினாலும் அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விரலை நக்கிப் பார்த்து, தண்ணீர்தான் என்று உறுதியான பிறகே குடையை விரிப்பார்.

முதலை என்பது, ஊர் நடனங்களுக்குப் பாட்டுப் போடும் வதீத்தின் பிக்கோ. ஆள்மேல் ஆள் நின்ற உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதன் முகத்துணியில், இருட்டிலும் எரிகிற பச்சையில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இடது கையில் சிவப்புக் குத்துச்சண்டை உறை. சனிக்கிழமை ஆட்டங்களில் வதீத் அதை முடுக்கினால் முதலில் அதிர்வது காது அல்ல, விலா எலும்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில், நடுவில் இடமில்லாவிட்டால் பாட்டின் மேலேயே, வதீத்தின் பதிவுசெய்த குரல் வந்து விழும்: “இடக்கை முதலை! கடிச்சா விடாது!” தன் பேரைச் சொல்லாத பிக்கோ ஒரு பிக்கோவே அல்ல என்பது அவன் கொள்கை. அவன் அப்பா காலத்தில், நல்ல இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலையாகப் பிளேடால் அதன் நடுவில் ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டிவிடுவார்கள். பாடியவன் யார், பாட்டு எது என்று அடுத்த ஊர்க்காரன் படித்துவிடக் கூடாது அல்லவா? அப்படி எழுத்தை அழித்தே பேர் வாங்கிய வம்சம்.

அந்த வம்சத்தில் வந்த வதீத்தின் மகள் யொஹைராவுக்கு எழுத்து ஏறவில்லை என்பதுதான் வீட்டில் இப்போது பிரச்சினை. மூன்றாம் வகுப்பில் அவளுக்கு இது இரண்டாவது வருஷம். தம்பி ஹாதெர் இரண்டாம் வகுப்பில் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். டிசம்பர் காற்று வருவதற்குள் அவள் தேறாவிட்டால், அடுத்த வருஷம் அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பு.

“ஒரே பெஞ்சுல உக்காரலாம்க்கா,” என்பான் ஹாதெர், மரவள்ளிக் கிழங்கை வாயில் அடைத்துக்கொண்டு. “நான் ஜன்னல் பக்கம். உனக்கு நான் சொல்லித் தாரேன்.”

யொஹைரா தட்டிலிருந்த மீனைப் புரட்டிப் புரட்டி முள்ளெடுத்துக்கொண்டேயிருப்பாள். மீன் ஆறிப்போகும்.

அம்மா தெயனீரா விடியுமுன்னே எழுந்து, சோளமாவைத் தட்டி எண்ணெயில் போட்டு, உப்பி வந்ததைக் கீறி, உள்ளே முட்டையை உடைத்து ஊற்றி மறுபடியும் பொரித்து, படகுத்துறைக்குப் போகிறவர்களுக்கு விற்பவள். அவளுடைய முட்டை அரேப்பாவைத் தின்றுவிட்டுக் காயலுக்குப் போனவன் எவனும் வெறுங்கையோடு திரும்பியதில்லை; குறைந்தபட்சம் வயிற்றிலாவது ஏதோ இருக்கும்.

“உன் மக மூணாம் வகுப்புலயே கல்யாணம் பண்ணிப்பா போலருக்கு,” என்றாள் ஒரு நாள் காலை வதீத்திடம். “நீ அந்தப் பொட்டிக்குச் சாயம் அடிச்சிட்டிரு.”

“இப்ப மட்டும் எம் மகளா?”

“எழுதப் படிக்கத் தெரிஞ்சா எம் மக. தெரியாத வரைக்கும் உம் மக.”

அந்த அக்டோபரில் மழை ஒரு வெறியோடு பெய்தது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் ஒனேலியா டீச்சரின் குரல் முன்வரிசையைத் தாண்டாது. அவர் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். செல்போனில் ஒரு பெண் கதைப் புத்தகம் படிப்பாள்; பிள்ளைகள் கையில் அதே பக்கங்களின் நகல் இருக்கும்; குரல் போகிற வழியில் விரலும் போக வேண்டும். ஆனால் செல்போன் என்ன கத்திவிடும்? டீச்சர் அதை அலுமினியச் சட்டிக்குள் வைத்துப் பார்த்தார். சட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் கிணற்றில் விழுந்துவிட்ட மாதிரி சத்தம் வந்தது. இரண்டு பிள்ளைகள் பயந்து அழுதன. அப்போதுதான் யொஹைரா, அந்த மாதத்திலேயே முதல் தடவையாக, கையை உயர்த்தினாளாம்.

“எங்க அப்பாகிட்ட ஒரு முதலை இருக்கு, டீச்சர்.”

அன்று சாயங்காலமே டீச்சர் குடையோடு வந்து நின்றார்.

“சின்னதா ஒரு ஸ்பீக்கர் போதும், வதீத். பிள்ளைங்க காதுல விழுந்தாச் சரி.”

“சின்னதா எங்கிட்ட என்ன இருக்கு டீச்சர்? எம் பொண்டாட்டிக்கே சின்னதாப் பேச வராது.”

“கேக்குது!” என்றது அடுப்படி.

“பாருங்க. சரி, யாரு பாட்டு?”

“பாட்டு இல்ல. கதை. ஸ்பெயின்ல எங்கயோ ஒரு அம்மா தன் வீட்லயே உக்காந்து படிச்சு, பதிவு பண்ணி, இன்டர்நெட்ல போட்டுட்டு வராங்க. சம்பளம் கிம்பளம் கிடையாது, சும்மா பிரியத்துக்கு. ரொம்பப் பழைய புஸ்தகம். உரிமை கொண்டாட ஆளில்ல. உலகத்துல யார் வேணா இலவசமா எடுத்துக்கலாம்.”

வதீத் நெற்றியைச் சுருக்கினான். “யார் வேணாவா?”

“யார் வேணா.”

“அடுத்த ஊருல கருஞ்சிறுத்தைன்னு பிக்கோ வச்சிருக்கானே, அவனுமா?”

“அவரும்தான்.”

“அதுதான் டீச்சர் ஆபத்து. இன்னிக்கு நான் போட்டா நாளைக்கு அவன் போடுவான். நாளன்னிக்கு, நான்தான் முதல்ல போட்டேம்பான்.”

“போடட்டுமே! அங்கயும் பிள்ளைங்க இருக்கில்ல?”

“நீங்க நல்லவங்க. தொழில் தெரியாது உங்களுக்கு,” என்று பெண்டிரைவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான் வதீத். “எங்கிட்ட விடுங்க. பக்குவம் பண்ணி வைக்கிறேன்.”

பண்ணினான். அந்த ஸ்பெயின் அம்மா எங்கெல்லாம் மூச்சு வாங்கினாளோ, எங்கெல்லாம் பக்கம் திருப்பினாளோ, எங்கே அவள் வீட்டு நாய் குரைத்ததால் ஒரு கணம் நிறுத்தினாளோ, அங்கெல்லாம் தன் குரலைச் செருகினான். எந்தச் சிறுத்தையும் இனி அதைத் திருட முடியாது. உலகத்துக்கே இலவசமாக விட்ட புத்தகத்துக்குச் சொந்த முத்திரை குத்திய ஒரே மனிதன் அவன்தான்.

மறுநாள் மீன்வண்டியில் ஏற்றி, பாதி படகுத்துறையே சேர்ந்து தள்ளி, முதலையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். கதவு போதவில்லை, கதவைக் கழற்றினார்கள். வதீத் ஒலியை, அவனுக்கே கேவலமாகத் தோன்றும் அளவுக்குக் குறைத்து வைத்தான். அதாவது, காயலுக்கு அக்கரை வரைக்கும் மட்டும் கேட்டது.

“கப்பல் பனிக்கட்டிக்கு நடுவே சிக்கி நின்றது,” என்றாள் ஸ்பெயின்காரி, நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துப் பேசும் அவர்கள் வழக்கப்படி. “நான்கு திசையிலும் வெள்ளை.”

“இடக்கை முதலை! கடிச்சா விடாது!”

“சமையற்காரன் மட்டும் தூங்காமல் விழித்திருந்தான்.”

“புவெர்த்தோ இக்காகோவின் ஒரே முதலை!”

ஒனேலியா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வதீத், இத எடுக்க முடியாதா?”

“எடுக்கலாம் டீச்சர். கதையையும் சேர்த்துத்தான் எடுக்கணும். கலந்தாச்சு.”

ஆனால் கதை நல்ல கதை. பனிக்குள் சிக்கிய அந்தக் கப்பலின் அடியில், தினமும் யாரோ தட்டுகிறார்கள். டொக், டொக். கீழே கடல், மேலே பனி. யார் தட்டுவது? ஊரில் அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. வெயிலில் முட்டை தானாக வேகிற ஊரில், பனி அத்தியாயம் ஓடும்போது பெண்கள் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டார்கள். டோமினோ மேசையில் கட்டை பாதி வழியில் கையிலேயே நின்றது.

“அது கடல்பசுதான்,” என்றான் நிக்காசியோ. “நம்ம காயல்ல இருந்துச்சே, அதுங்க இப்படித்தான் முட்டும்.”

“பனியில எங்கடா கடல்பசு? விறைச்சுப் போயிடாது?”

“போர்வை போத்திருக்கும்.”

தெயனீராவின் முடிவு வேறு. “அது செத்துப்போன பழைய சமையக்காரன். புதுசா வந்தவன் உப்பு அதிகமாப் போடுறான்னு தட்டுறான்.”

இப்படியே வாரங்கள் போக, பிள்ளைகள் சரளமாகப் படிக்கிறார்கள் என்ற செய்தி எவாரிஸ்தோவின் காதை எட்டியது. முதலை ஓடாத ஒரு காலையில், சத்தமில்லாமல் வந்து பின்னால் நின்றார். அரேப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போக வந்த வதீத்தும் வாசலில் நின்றான்.

“நீ படி,” என்றார் முதல் பெஞ்சுப் பையனிடம்.

பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடகடவென்று ஆரம்பித்தான். “தலைவர் தொலைநோக்கியை எடுத்து வடக்கே பார்த்து இடக்கை முதலை கடிச்சா விடாது இன்னும் மூன்று மாதம் என்றார்.”

எவாரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடுத்து நீ.”

“சமையற்காரன் மொச்சைப் பீப்பாயைத் தேடினான் புவெர்த்தோ இக்காகோவின் ஒரே முதலை அது எங்கும் இல்லை.”

நாலு பேர் படித்தார்கள். நாலு பேரும் வதீத்தையும் சேர்த்துப் படித்தார்கள். நகலைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஒரு பெண்தான் எல்லோரையும் விட வேகம். வாசலில் நின்றவனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. தன் பேர் இத்தனை சுத்தமாக எந்த மேடையிலும் உச்சரிக்கப்பட்டதில்லை. பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தான். அரேப்பாப் பொட்டலம் கையில் கனத்தது.

“கிளிங்க,” என்றார் எவாரிஸ்தோ. “கேக்குறது வேற, வாசிக்கிறது வேற, ஒனேலியா. அதான் எனக்கு முன்னாடியே தெரியும். சரி, இதுங்க பழைய பாடத்துலயாவது எழுத்துக்கூட்டித் தேறிடும்.” பிறகு கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். யொஹைரா எழுந்து நின்றாள். “நீ உக்காரு. கிளிக்குப் பொறந்த உன்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது?”

அன்று மத்தியானம் வதீத்துக்குத் தேங்காய்ச் சோறு வைக்கப்பட்டது, மீன் வைக்கப்படவில்லை. தெயனீரா எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“உலகத்துல எவளோ ஒருத்தி புண்ணியத்துக்குப் படிச்சுப் போட்டா. அத வாங்கி உன் பேர ஒட்டி, ஒரு வகுப்பையே கெடுத்துட்டியே. இப்ப எம் புள்ளை மூணாம் வருஷமும் அங்கயே உக்காரணுமா?”

“படிக்கத் தெரியாத வரைக்கும் எம் மகன்னு சொன்னியே?”

“வாய மூடுய்யா.”

“நான் இன்டர்நெட்லேருந்து மறுபடி எடுத்து, வேற பெண்டிரைவ்ல சுத்தமாப் போட்டுத் தாரேன். ஒரு கத்தல் இல்லாம.”

“வேணாம்ப்பா,” என்றாள் யொஹைரா.

இருவரும் திரும்பினார்கள். அவள் வாசல்படியில் நகல்களை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“கத்தல் இருக்கட்டும். அந்த அம்மா ரொம்ப வேகமாப் போறாங்க. நான் ரெண்டாவது வார்த்தையில இருக்கும்போது அவங்க வரிய முடிச்சிடுறாங்க. நீ கத்தும்போதுதான் அவங்க நிக்கிறாங்க. அப்ப நான் ஓடிப் போய் அவங்களப் புடிச்சிடுவேன்.”

“எதால ஓடுவே?”

அவள் ஆள்காட்டி விரலைக் காட்டினாள்.

வதீத் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். “எங்க, படி.”

படித்தாள். மெதுவாக. நொண்டி நொண்டி, ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்டு. “தலைவர்… தொலைநோக்கியை… எடுத்து… வடக்கே பார்த்து… இன்னும் மூன்று மாதம்… என்றார்.”

வதீத் குனிந்து தாளைப் பார்த்தான். “இதுல நான் எங்க?”

“நீ இதுல இல்லப்பா.”

“எங்கயுமே இல்லையா? கடைசிலயாவது?”

“ஒரு எடத்துலயும் இல்ல. நான் முழுசும் பாத்துட்டேன்.”

அவனுக்கு நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது என்பது உண்மை. ஆனால் தெயனீரா கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தாள். அழுதுகொண்டே எழுந்து போய், மூடி வைத்திருந்த மீனை எடுத்து வந்து அவன் தட்டில் போட்டாள். பெரிய மீனாக.

வதீத் கைகழுவாமலே டீச்சர் வீட்டுக்கு ஓடினான். டீச்சர் எவாரிஸ்தோவிடம் போனார். எவாரிஸ்தோ சிரித்தார்.

“வீட்ல சுத்தமான பதிவு இருக்கும். அதக் கேட்டு மனப்பாடம் பண்ணிருக்கு. அப்பன் தொழிலே அதானே?”

“அப்போ யாருமே கேக்காத ஒண்ணக் குடுங்க,” என்றார் டீச்சர்.

அப்படி ஒன்று இருந்தது. ஊரே அதற்காகத்தான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தில் பதினான்கு அத்தியாயம். ஸ்பெயின்காரி பதிமூன்றுதான் படித்துப் போட்டிருந்தாள். சும்மா செய்கிறவளை அவசரப்படுத்த முடியுமா? ஜலதோஷமோ, மகள் பிரசவமோ. பனிக்கு அடியில் தட்டுவது யார் என்பது டீச்சரின் அலமாரியில், தாளில் மட்டும், பூட்டிக் கிடந்தது. நிக்காசியோ ஒரு கூடை மீன் கொண்டுபோய்க் கொடுத்து, “ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், கடல்பசுவா இல்லையா?” என்று கெஞ்சிப் பார்த்தான். “எம் பிள்ளைங்கள்ல ஒருத்தர் படிக்கும்போது தெரிஞ்சுக்கோ,” என்று கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எவாரிஸ்தோ யோசித்தார். “சரி. ஆனா இன்னொண்ணு. அந்தக் கத்தல்ல ஒரு தாளம் இருக்கு. அந்தத் தாளத்துலதான் இது நிக்குது, போகுது. நான் இஷ்டப்பட்ட எடத்துல கத்த வைப்பேன். கிளின்னா நாக்கு குழறிடும்.”

வெள்ளிக்கிழமை வகுப்பறையில் இடமில்லை, ஜன்னலில் இடமில்லை, மாமரத்தில் இடமில்லை. காயலில் படகுகள் கரையோடு ஒட்டி நின்றன. அன்று துறையில் யாரும் மீன் வாங்கவில்லை, மீனும் யாரிடமும் விலைபோக விரும்பவில்லை. எவாரிஸ்தோ முதலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆட்டங்களில் வதீத் மடியில் வைத்துக்கொள்ளும் பொத்தான் பெட்டி இப்போது அவர் மடியில்.

“எத அமுக்கணும்?”

“சிவப்பு, வாத்தியாரே. மெதுவா, அது கொஞ்சம்…”

“இடக்கை முதலை! கடிச்சா விடாது!” சுவரிலிருந்து ஒரு பல்லி விழுந்தது. எவாரிஸ்தோ ஒரு கணம் தடுமாறி, பிறகு தொண்டையைச் செருமினார். அவர் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்ததை வதீத் கவனித்தான். முதல் தடவை அந்தப் பொத்தானைத் தொட்டபோது தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

யொஹைரா தாளை மேசையில் விரித்தாள். முதல் சொல்லின் மேல் விரலை வைத்தாள். தெயனீரா வதீத்தின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

“காலையில்… சத்தம்… அதிகமாயிற்று. சமையற்காரன்… பனியில்… காதை…”

“கடிச்சா விடாது!”

விரல் நின்றது. கத்தல் ஓயும்வரை அங்கேயே நின்றது.

“…வைத்தான். சத்தம்… ஓரிடத்திலிருந்து… வரவில்லை. அது…”

“ஒரே முதலை!”

“…நகர்ந்துகொண்டிருந்தது.”

“நகருது!” என்றான் நிக்காசியோ ஜன்னலிலிருந்து. “சொன்னேன்ல? கடல்பசு!”

“சும்மா கெடடா!”

எவாரிஸ்தோ சொல்லுக்கு நடுவில் அமுக்கினார். வரி முடிவில் அமுக்கினார். முடிந்துவிட்டது என்று நினைக்கவைத்து மறுபடி அமுக்கினார். சில இடங்களில் அமுக்க வேண்டிய தேவையே இல்லை. கை சும்மா இருக்கவில்லை. யொஹைரா ஒவ்வொரு தடவையும் விரலை ஊன்றிக்கொண்டு, மழை விடக் காத்திருப்பவள் மாதிரி காத்திருந்தாள். விட்டதும் நடந்தாள். ஓரிடத்தில் ஒரு நீளமான சொல்லில் மாட்டிக்கொண்டாள். மூன்று தடவை முட்டினாள். தெயனீராவின் நகம் வதீத்தின் உள்ளங்கையில் இறங்கியது. நாலாவது தடவை சொல் வழிவிட்டது.

“நகர்கிறதென்றால்… அடியில்… நீரோட்டம்… இருக்கிறது, என்றான் சமையற்காரன். நீரோட்டம் இருந்தால்… பனி… மெல்லியது. இங்கே… வெட்டுங்கள். தலைவர் சிரித்தார். யாரும்… கோடரியைத்… தொடவில்லை. சமையற்காரனே… எடுத்தான்.”

பொத்தானின் மேல் எவாரிஸ்தோவின் கட்டைவிரல் இருந்தது. எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டு கத்தலுக்குக் காத்திருந்தார்கள்.

“முதல் வெட்டில்… பனி… பிளந்தது. இரண்டாம் வெட்டில்… தண்ணீர் தெரிந்தது. கறுப்புத் தண்ணீர். அதற்குள்ளிருந்து…”

பக்கம் முடிந்தது. அவள் தாளைத் திருப்பினாள். தாள் திரும்பும் சத்தம் கேட்டது.

“அதுக்குள்ளேருந்து?” என்றார் எவாரிஸ்தோ.

“…ஒரு பீப்பாய்… மேலே வந்தது. முதல் புயலில்… கடலில் விழுந்த… மொச்சைப் பீப்பாய். இத்தனை நாளும்… அடியில்… தட்டித் தட்டி… அவர்களைத் தேடிக்கொண்டிருந்தது… அதுதான்.”

“மொச்சையா!” என்று நிக்காசியோ ஜன்னலிலிருந்து விழாத குறையாக அலறினான். தெயனீரா, சமையல் விஷயம்தானே, தான் சொன்னதில் பாதி சரி என்றாள். யொஹைரா எதையும் காதில் வாங்கவில்லை. வெட்டிய பிளவு வழியே கப்பல் ஊர்ந்து வெளியே வருவதை, மொச்சை வேகும் மணத்தை, தலைவர் முதல் தட்டைச் சமையற்காரனுக்குக் கொடுப்பதை, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுக் கடைசிப் புள்ளி வரைக்கும் கொண்டுபோய், அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

“ஏன் வாத்தியாரே,” என்றான் வதீத், “கடைசிப் பக்கம் பூரா ஒரு தடவைகூட அமுக்கலையே?”

எவாரிஸ்தோ தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது இன்னும் பொத்தானின் மேல்தான் இருந்தது.

“அமுக்கினா புள்ளை நிறுத்திடுமே,” என்றார். “நிறுத்திட்டா, உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்பிடிய்யா தெரியும்?”

“அப்போ கிளி?”

எவாரிஸ்தோ பெட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். எழுந்து யொஹைராவின் மேசைக்குப் போய், தாளைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். கடைசிப் புள்ளியின் மேல் வியர்வை ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. வழக்கம்போல அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நாலாம் வகுப்பு பெஞ்சுல இடம் புடிச்சு வச்சுக்கோ,” என்றார் அவளிடம். பிறகு கதவு கழற்றிய வாசல் வழியே, மாமரத்தை, ஜன்னலை, கரையோடு நின்ற படகுகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “வாசிச்சா. நடந்துச்சுதான். நான் இங்கதான் உக்காந்திருந்தேன்.”